ஒரு தூக்குச் சோற்றின் கணக்கு

சொந்தத் தொழில் செய்து வாழவேண்டும் என்னும் எண்ணம் இன்று நம் மாணவரிடையே வேரூன்றி வருகின்றது. பட்டம் பெற்றோம், வேலை தேடினோம், கிடைத்த நாற்காலியில் அமர்ந்தோம் என்று இருந்துவிடப் பலருக்கு மனம் ஒப்பவில்லை. பிறருக்கு வேலை கொடுக்கும் நிலைக்கு நாமே உயரவேண்டும் என்று கருதுவது பெருமைக்குரியதே. அவ்வாறு கருதும் நண்பர்களிடம், "என்ன தொழில்?" என்று கேட்டால், "உணவு வரவழைக்கும் செயலி" என்று விடை சொல்வோர் பலர். காரணம் வெளிப்படை. விடுதியில் வாழும் நமக்குப் பசி என்பது நாள் தவறாமல் வரும் விருந்தாளி. கைப்பேசியோ கையை விட்டு அகலாத தோழன். இவ்விரண்டையும் இணைத்துவிட்டால் தொழில் ஆகிவிடாதா என்று தோன்றுவது இயல்பு.

ஆகிவிடும் என்று துள்ளுவதும் தவறு. ஆகவே ஆகாது என்று துவளுவதும் தவறு. ஆராய்ந்து அறியவேண்டிய பொருள் இது. இக்கட்டுரையில் நான் நிறுவ விரும்புவது ஒன்றே ஒன்று. ஓர் ஆர்டரின் கணக்கு நேராகாத வரையில், ஆயிரம் ஆர்டர் சேர்ந்தாலும் தொழில் நேராகாது. அந்தக் கணக்கை நேராக்கும் வழி எது என்பதற்கான விடை, நாம் நாள்தோறும் நடந்து செல்லும் மாட்டுங்காத் தெருக்களிலும், அடுத்துள்ள தாராவியிலும் கண்முன்னே கிடக்கின்றது.

நாம் நிற்கும் களம்

தொழிலைப் பற்றிப் பேசுமுன் களத்தைக் காண்போம். 1896-இல் பம்பாய் நகரில் கொள்ளைநோய் பரவிற்று. காற்றும் வெளிச்சமும் புகாத பழைய நகரின் நெருக்கத்தைக் குறைக்க வேண்டும் என்று அரசு உணர்ந்தது. 1898-இல் நகர மேம்பாட்டுக்கென ஓர் அமைப்பு ஏற்பட்டது. தாதர், மாட்டுங்கா முதலிய வடபகுதிகளில் தெருக்களையும் மனைகளையும் வகுத்தது அவ்வமைப்பே. அலுவலகங்களில் எழுத்தராகவும் தட்டெழுத்தராகவும் கணக்கராகவும் பணியாற்ற வந்த தென்னாட்டார், பின்னர் இங்கே திரளாகக் குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் இங்கே தோன்றியது.

கல்விக்கூடங்களும் இங்கே குழுமின. 1887-இல் தோன்றிய வி.ஜே.டி.ஐ. 1923-இல் மாட்டுங்காவுக்கு வந்தது. 1933-இல் பல்கலைக்கழகத் துறையாகத் தொடங்கிய வேதித் தொழில்நுட்பக் கழகம் இன்று அதன் அண்டையில் நிற்கின்றது. ரூயா கல்லூரி 1937-இலும், போதார் கல்லூரி 1941-இலும் எழுந்தன. இந்நான்கும் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் உள்ளவை என்பதை நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது பயன்படும்.

கற்க வந்தவர்க்கும் பணிக்கு வந்தவர்க்கும் சோறு வேண்டுமன்றோ? குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த தனியாட்களுக்கெனச் சாப்பாட்டு விடுதிகள் தோன்றின. 1942-இல் ஏ. ராமநாயக் என்பார் மாட்டுங்கா நிலையத்தருகே தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் அவற்றுள் புகழ்பெற்றது. முதலில் பணம் கட்டிச் சீட்டு வாங்கவேண்டும். பிறகு இலையின் முன் அமரவேண்டும். என்ன சமைப்பது என்பதைச் சமையற்கட்டே முடிவு செய்யும். 'எனக்கு இது வேண்டும், அது வேண்டா' என்னும் பேச்சுக்கு அங்கே இடம் குறைவு. இந்த எளிய ஏற்பாட்டில் ஒரு தொழில் நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. பணம் முன்னால் வருகின்றது, சமையல் ஒன்றே, உண்ணும் வேளையும் ஒன்றே. ஆகவே வீண் குறைகின்றது. விலையும் கட்டுக்குள் நிற்கின்றது.

உலகம் கண்ட மாணவ முதலாளிகள்

மாணவப் பருவத்திலேயே இத்தொழிலைத் தொடங்கி ஓங்கியவர் உலகில் உண்டு. சீன நாட்டில், ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஜாங் ஷுஹாவ் என்னும் மாணவரும் அவர் தோழரும் 2008-இல் ஒரு முயற்சியில் இறங்கினர். இரவு வேளையில் விடுதி அறைக்கு உணவு வரவழைக்க இயலாத குறையே அதற்கு வித்து. 'அலமா' என்று அதற்குப் பெயர் வைத்தனர். 'பசிக்கிறதா?' என்பது அதன் பொருள். தம் பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருந்த சிறு உணவகங்களும், அவ்விடுதிகளில் வாழ்ந்த மாணவருமே அவர்களுடைய முதல் உலகம். பத்தாண்டு கழித்து, 2018-இல் அலிபாபா நிறுவனம் அதனை 950 கோடி டாலர் மதிப்பில் முழுமையாகத் தனதாக்கிக்கொண்டது.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் நால்வர் 2013 ஜனவரியில் 'பாலோ ஆல்ட்டோ டெலிவரி' என்ற பெயரில் ஒரு சிறு வலைப்பக்கத்தைத் திறந்தனர். அதில் இருந்தவை சில உணவகங்களின் உணவுப் பட்டியலும் ஒரு தொலைபேசி எண்ணும் மட்டுமே. அழைப்பு வந்தால் அவர்களே எடுத்தனர். அவர்களே உணவகத்துக்குப் போய் வாங்கினர். அவர்களே கொண்டுபோய்க் கொடுத்தனர். அதுவே பின்னாளில் 'டோர்டேஷ்' என்னும் பெரு நிறுவனமாகி 2020 டிசம்பரில் பங்குச் சந்தையில் ஏறிற்று.

இவ்விரு வரலாறுகளையும் படிக்கும் நாம் முடிவில் நிற்கும் கோடிகளைக் கண்டு மயங்குகிறோம். நான் காட்ட விரும்புவது தொடக்கத்தை. இருவரும் ஒரே ஒரு பல்கலைக்கழகத்தின் சுற்றுப்புறத்தை எடுத்துக்கொண்டனர். பசிப்பவன் எங்கே இருக்கிறான், சமைப்பவன் எங்கே இருக்கிறான், இடையில் எத்தனை நிமிட வழி என்பதைத் தம் கால்களாலேயே அளந்தனர். செயலி அதன் பிறகு வளர்ந்தது.

பவாய் தந்த பாடம்

இனி நம் நகரத்துக்கே வருவோம். பவாயில் உள்ள ஐ.ஐ.டி.யில் பயின்ற இளைஞர் சிலர் 2014-இல் 'டைனி அவுல்' என்னும் உணவுச் செயலியை நிறுவினர். அழகான செயலி என்று பலரும் பாராட்டினர். 2015-இன் தொடக்கத்தில் பெரும் முதலீட்டாளர்கள் ஏறத்தாழ நூறு கோடி ரூபாய் அளித்தனர். ஊருக்கு ஊர் அலுவலகங்கள் எழுந்தன. சலுகைகள் வாரி வழங்கப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பரிலேயே நூற்றுக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். நவம்பரில் மறுமுறை ஆட்குறைப்பு வந்தது. தமக்குச் சேரவேண்டிய தொகையைக் கேட்டுப் புனே அலுவலக ஊழியர்கள், நிறுவனருள் ஒருவரை வெளியே செல்லவிடாமல் நிறுத்திவைத்த செய்தி நாடெங்கும் பரவியது. 2016-இல் அந்நிறுவனம் 'ரோடுரன்னர்' என்னும் பொருள் சேர்ப்பு நிறுவனத்தோடு இணைந்து 'ரன்னர்' ஆயிற்று. 2017-இல் 'ரன்னர்' சொமேட்டோவின் கைக்குச் சென்றது.

அவ்விளைஞர்கள் அறிவில் குறைந்தவரா? இல்லை. உழைப்பில் குறைந்தவரா? அதுவும் இல்லை. அந்நாளில் அத்தகைய செயலிகள் பலவும் ஒன்றோடொன்று போட்டியிட்டுச் சலுகை கொடுத்தன. ஒவ்வோர் ஆர்டரிலும் கைப்பணத்தை இழந்தன. முதலீடு வற்றியதும் முதலில் வாடியவர்கள் சம்பளம் ஒன்றையே நம்பியிருந்த இளம் ஊழியர்கள். 'அகலக் கால் வைக்காதே' என்று நம் பாட்டிமார் சொல்லும் சொல்லின் பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுமோ?

ஓர் ஆர்டரின் கணக்கு

இப்போது எழுதுகோலை எடுப்போம். கீழே வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. அவரவர் தம் இடத்து எண்களை இட்டுப் பார்க்கவேண்டும்.

முதல் வகை: எவரும் எந்நேரமும் எவ்விடத்திலிருந்தும் எதையும் கேட்கலாம் என்பது. ஒருவர் 160 ரூபாய்க்கு உணவு கேட்கிறார். உணவகம் நமக்குத் தரும் கமிஷன் நூற்றுக்கு 20 என்றால் 32 ரூபாய். வாடிக்கையாளர் தரும் கொண்டுசேர்ப்புக் கட்டணம் 20 ரூபாய். வரவு 52 ரூபாய். இனிச் செலவு: உணவைக் கொண்டு செல்பவருக்கு மணிக்கு 120 ரூபாய் கொடுக்கிறோம், உணவகத்தில் காத்திருந்து, நெரிசலில் ஓட்டி, மாடியேறிக் கொடுத்துத் திரும்ப, ஒரு மணிக்கு இரண்டு ஆர்டர்தான் முடியும் என்றால் ஆர்டருக்கு 60 ரூபாய். பணப் பரிமாற்றக் கட்டணம் 3 ரூபாய். ஆள் சேர்க்கக் கொடுக்கும் சலுகை 25 ரூபாய். ஆகச் செலவு 88 ரூபாய். நட்டம் 36 ரூபாய். நாளுக்கு நூறு ஆர்டர் வந்தால் நட்டம் 3,600. முப்பது நாளுக்கு 1,08,000. ஆர்டர் பெருகப் பெருக நட்டமும் பெருகும் தொழிலை எந்தக் கடன் தாங்கும்?

இரண்டாம் வகை: ஒரே விடுதி, ஒரே வேளை, ஒரே சமையல். முந்திய இரவு ஒன்பது மணிக்குள் மறுநாள் பகலுணவைப் பதிவு செய்து பணத்தையும் யு.பி.ஐ. வழியே கட்டிவிட வேண்டும். சாப்பாடு 100 ரூபாய். மறுநாள் எத்தனை பேருக்குச் சமைப்பது என்று முன்கூட்டியே தெரிவதால் மெஸ் நடத்துபவர் நமக்கு மகிழ்ச்சியோடு 8 ரூபாய் தருகிறார் என்று கொள்வோம். மாணவர் தரும் கட்டணம் 5 ரூபாய். வரவு 13 ரூபாய். ஒரு நடைக்கு 25 தூக்கு. அதைக் கொண்டு செல்பவருக்கு 125 ரூபாய். தூக்குக்கு 5 ரூபாய். மிச்சம் 8 ரூபாய். இரண்டு நடையில் 50 தூக்கு என்றால் நாளுக்கு 400 ரூபாய். மாதம் 25 நாளுக்குப் பத்தாயிரம்.

பத்தாயிரம் என்று கேட்டதும் சிலர் உதட்டைப் பிதுக்கலாம். ஆனால் முதல் வகை கோடி ரூபாய் முதலீட்டைத் தின்றுகொண்டே போகும். இரண்டாம் வகை ஒரு மாணவனின் கல்விச் செலவைத் தாங்கி நிற்கும். இரண்டுக்கும் இடையேயான வேறுபாடு செயலியின் அழகில் இல்லை. ஒரு நடையில் எத்தனை தூக்கு என்னும் ஓர் எண்ணில் இருக்கிறது.

தாராவியும் டப்பாவாலாவும்

இக்கணக்கை நான் ஏட்டில் கற்கவில்லை. நம் கல்லூரிகளுக்கு அருகிலேயே இருக்கும் தாராவியில் விடியற்காலையில் இட்லி வேகும் மணத்தை அறியாதவர் யார்? நம் தமிழ்க் குடும்பங்கள் பல இரவில் மாவு ஆட்டி, விடியலில் வேகவைத்து, அலுமினியப் பாத்திரங்களில் அடுக்கித் தலையிலும் சைக்கிளிலும் நகரெங்கும் கொண்டுபோய் விற்கின்றன. அவ்வாறு விற்கும் ஒருவருடன் சில நாள் காலையில் நடந்து சென்றேன். என் ஐயத்தை அவரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, நாளைக்கு எத்தனை இட்லி போகும்னு முன்னாலேயே எப்படித் தெரியும்?"

"தெரியாமலா மாவு ஆட்டுவோம் தம்பி? கம்பெனி வாசல்ல நாப்பது, பள்ளிக்கூடத்துப் பக்கம் அம்பது, மிச்சம் ஸ்டேஷன் பக்கம். மழைன்னா கொஞ்சம் குறைச்சுப் போடுவேன். மிஞ்சிப்போன இட்லிய மறுநாள் யாரு திம்பா?"

"செல்போன்ல ஆர்டர் எடுத்தா இன்னும் நிறைய விக்கலாமே, அண்ணாச்சி?"

"எடுக்கலாம் தம்பி. ஒருத்தன் மாஹிம்ல நாலு கேப்பான். இன்னொருத்தன் சயான்ல நாலு கேப்பான். எனக்கு இருக்கிறது ரெண்டு காலு."

மேலாண்மை நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் செய்தியை அண்ணாச்சி ஒரே வரியில் சொல்லிவிட்டார். இருப்பது இரண்டு கால். அந்த இரண்டு காலை எத்தனை வயிறுகளுக்குப் பயன்படுத்துகிறோம் என்பதே இத்தொழிலின் உயிர்.

டப்பாவாலாக்களின் சிறப்பும் இதுவே. 1890-இல் மஹாதேவ் ஹவாஜி பச்சே என்பார் ஏறத்தாழ நூறு பேருடன் தொடங்கிய ஏற்பாடு அது. 2020-இல் பெருந்தொற்று வருமுன் ஏறக்குறைய ஐயாயிரம் பேர், நாள்தோறும் இரண்டு இலட்சம் வரையில் சாப்பாட்டு டப்பாக்களைக் கொண்டு சேர்த்தனர். வீட்டிலிருந்து எடுத்த டப்பாவைத் தொடர்வண்டி நிலையத்தில் தரம் பிரித்து, மூடியில் எழுதிய எண்ணும் எழுத்தும் நிறமும் கொண்டு இடம் அறிந்து, கைமாற்றிக் கைமாற்றிச் சேர்ப்பர். அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி 2010-இல் இதனைப் பாடமாகவே எழுதி வெளியிட்டது. நாள்தோறும் அதே வீடு, அதே வழி, அதே வேளை. கட்டணம் மாதக் கணக்கு. உழைப்பவர்கள் கூலியாட்களாக இல்லாமல் பங்காளிகளாக இருந்து வருவாயைப் பகிர்ந்துகொள்வர். பெருந்தொற்றில் அலுவலகங்கள் மூடியபோது அவர்களும் பெரிதும் அடிபட்டனர். தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. வாடிக்கையாளர் வீட்டிலேயே இருந்துவிட்டால் எந்த நேர்த்தியும் உதவாது என்பதும் அதிலுள்ள பாடமே. தேர்வு விடுமுறையில் காலியாகும் விடுதியை நம்பித் தொழில் செய்யும் மாணவன் இதனை மறக்கலாகாது.

தொடங்குவோர்க்குச் சில நெறிகள்

தொழிலில் இறங்க எண்ணும் நண்பர்களுக்கு, நான் ஆராய்ந்து கண்ட நெறிகளை வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, செயலி எழுதுமுன் ஒரு திங்கள் கையாலேயே நடத்திப் பாருங்கள். வாட்ஸ்அப் குழு ஒன்றும் கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றும் போதும். முப்பது பேர் முப்பது நாள் பணம் கட்டி உண்ணாத உணவை, மூன்று இலட்ச ரூபாய்ச் செயலி விற்றுத் தராது.

இரண்டாவது, இடத்தைச் சுருக்குங்கள். முன்னே குறிக்கச் சொன்னேனே, நான்கு கல்லூரிகளும் நடை தூரத்தில் உள்ளன என்று! சமையற்கட்டிலிருந்து கால்மணி நடைக்குள் அடங்கும் வட்டம் ஒன்றே போதும். அது நிறைந்த பின்பே அடுத்த வட்டம்.

மூன்றாவது, சமைப்பவரின் வயிற்றில் அடிக்காதீர்கள். பெரிய செயலிகள் வாங்கும் கமிஷன் தாங்க முடியவில்லை என்று உணவகத்தார் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். அவர்தம் சங்கத்தின் முறையீட்டின் பேரில் 2022 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் சொமேட்டோ, சுவிக்கி ஆகியவற்றின் நடைமுறைகளை விசாரிக்க ஆணையிட்டது. மெஸ் நடத்தும் மாமியும் அண்ணாச்சியும் நம் பங்காளிகள். அவர்களுக்கு நாம் தரக்கூடிய பெரும் பொருள், நாளைக்கு எத்தனை இலை என்னும் எண். அதைக் கொடுத்துவிட்டால் அவர்களே மனமுவந்து பங்கு தருவர்.

நான்காவது, சட்டத்தை முன்னரே அறியுங்கள். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உணவு சமைப்போரும் விற்போரும் கொண்டு சேர்ப்போரும் பதிவோ உரிமமோ பெறவேண்டும். செயலி வழியாக விற்கும் உணவக உணவுக்கான சரக்கு சேவை வரியை, 2022 ஜனவரி 1 முதல் செயலி நடத்துவோரே கட்டவேண்டும் என்று விதி உளது. 'மாணவன்தானே' என்று எந்த அலுவலகமும் விட்டுவிடாது. ஒரு கணக்காயரிடம் ஒரு மணி நேரம் செலவிட்டால் ஓராண்டுத் தொல்லை நீங்கும்.

ஐந்தாவது, தூக்கிச் செல்பவரை மறவாதீர்கள். இதனை நான் கடைசியில் வைத்தது, முடிவில் சொல்வது நெஞ்சில் நிற்கும் என்பதால். மழையில் நனைந்து, மின்தூக்கி மறுக்கப்பட்டு, ஐந்து மாடி ஏறி உணவு தரும் இளைஞர் யார்? பலர் தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் வாழும் நம் வீட்டுப் பிள்ளைகளே. நம்முள் சிலருடைய அண்ணன்மார் ஈட்டும் அந்தப் பணத்தில்தான் நம் கல்லூரிக் கட்டணம் கட்டப்படுகின்றது. 2020-இல் நாடாளுமன்றம் இயற்றி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இத்தகைய தொழிலாளரை முதன்முறையாகப் பெயர் சொல்லிக் குறிக்கின்றது. நிறுவனங்கள் தம் ஆண்டு வருவாயில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை அவர்தம் நலனுக்கென அளிக்கவேண்டும் என்றும் வகுத்துள்ளது. சட்டம் கேட்பதற்கு முன்பே நம் கணக்கில் அதற்கு ஒரு வரி இருக்கவேண்டும். அவர் கூலியைக் குறைத்தால்தான் நம் கணக்கு நேராகும் என்றால், அந்தக் கணக்கு நேராகவில்லை என்பதே பொருள்.

படிப்பும் தொழிலும்

"படிப்பை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கினால்தான் வெல்லலாம்" என்று கூறுவோர் நம் விடுதிகளில் உண்டு. அவர்களுக்கு ஒரு தமிழரின் வரலாற்றைச் சொல்வேன். சென்னை மடிப்பாக்கத்தில் பிறந்த சரத்பாபு ஏழுமலை, தாய் இட்லி சுட்டுத் தந்ததை இளம் வயதில் தெருவில் விற்றவர். பிலானியில் பொறியியல் கற்றார். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் 2006-இல் படிப்பை முடித்தார். உயர்ந்த சம்பள வேலையை ஏற்காமல் அவ்வாண்டே 'ஃபுட்கிங்' என்னும் உணவு நிறுவனத்தைத் தொடங்கினார். நிறுவனங்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் உணவு அளிப்பதே அவர் தொழில். இங்கும் அதே உண்மையைக் காண்கிறோம்: ஒரே இடத்தில் பலர், ஒரே வேளையில் பசி. கல்வி அவருடைய தொழிலுக்குத் தடையாக நிற்கவில்லை, அடித்தளமாக அமைந்தது.

நம்மில் பெரும்பாலோர்க்குப் பின்னால் நிலமும் இல்லை, வங்கி இருப்பும் இல்லை. ஊரில் அடகு வைத்த நகையும், இங்கே இரவுப்பணி செய்யும் தந்தையும் உண்டு. ஒருமுறை விழுந்தால் எழுப்பிவிட ஆள் உள்ளவன் செய்யும் சூதாட்டத்தை நாம் செய்யலாகாது. அதற்காக அஞ்சி ஒடுங்கவும் வேண்டா. இரண்டாம் வகைக் கணக்கில் தொடங்குபவன் இழக்கக்கூடியது ஒரு மாத உழைப்பும் சில நூறு ரூபாயும். பெறக்கூடியதோ வாழ்நாள் முழுதும் உதவும் அறிவு. அவன் விரும்பினால் பட்டத்தையும் பெறுவான், தொழிலையும் வளர்ப்பான்.

ஆகவே நண்பர்களே, இத்தொழிலைத் தொடங்குங்கள். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து நடுவே ஒரு கோடு கிழியுங்கள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. சமைப்பவர் பங்கு, தூக்குபவர் கூலி, அரசின் வரி, உங்கள் மிச்சம் ஆகிய நான்கையும் ஒரு தூக்குச் சோற்றுக்கு மட்டும் எழுதுங்கள். நான்கு பேரும் வயிறார உண்டபின் அடியில் ஒரு ரூபாயாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சினால் மறுநாள் காலையிலேயே மெஸ் வாசலில் போய் நில்லுங்கள். மிஞ்சாவிடில் தாளைத் திருப்பி மீண்டும் எழுதுங்கள்.